தகரம் பேசவில்லை

“ஆறு பாகமும் முதல் நாளே என் மனசுல முழுசா இருந்துச்சு” என்றார் டைரக்டர், மைக்கைப் பிடித்தபடி.

அரங்கம் கைதட்டியது. மூன்றாம் பாகத்தின் வெற்றி விழா. தட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைசி வரிசையில் இருந்த கதாசிரியர் தட்டவில்லை. “பச்சைப் பொய்” என்று பல்லைக் கடித்தார்.

அவருக்குத் தெரியாதா? ஏழு வருஷமாக அந்த விண்வெளிக் கதையை எழுதுகிறவர். காலையில் பல் தேய்க்கும்போதே போன் வந்துவிடும். “ஒரு சின்ன மாற்றம்!” ஹீரோவுக்கும் வில்லனுக்கும் ஒரே மாதிரி மூக்கு என்று மேக்கப்காரர் சொன்னார், மதியத்துக்குள் வில்லன், ஹீரோவின் தாய்மாமன் ஆகிவிட்டான். செட்டில் பஞ்சு தீர்ந்ததும் பனிக் கிரகம் புழுதிக் கிரகம் ஆனது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். தகரம் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

தகரம், படத்தில் வரும் ரோபோ. முதல் இரண்டு பாகங்களிலும் வாய் ஓயாமல் பேசி ஜனங்களைச் சிரிக்கவைத்தது. உடுப்புக்குள் நடிப்பவரும் குரல் கொடுப்பவரும் ஒருவர்தான். அவரையும் எல்லோரும் தகரம் என்றே கூப்பிடுவார்கள். மூன்றாம் பாகத்தின் முடிவில் தகரம் பேச, எட்டுப் பக்க வசனம் வைத்திருந்தார் கதாசிரியர். வாழ்நாளில் அவர் எழுதியதிலேயே உருப்படியான எட்டுப் பக்கம்.

படப்பிடிப்பு தொடங்கிய அன்று காலை போன் வந்தது.

“ஒரு சின்ன மாற்றம். இந்தப் பாகத்துல தகரம் பேசாது. சும்மா பார்க்கும், அவ்வளவுதான்.”

“ஏன் சார்?”

“தோணுச்சு.”

அன்றோடு செட்டுக்குப் போவதை நிறுத்தியவர், இன்றுதான் வந்திருக்கிறார். பையில் பழைய நோட்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால் கதை பேசிய முதல் நாள் தேதி போட்ட பக்கத்தில் அவருடைய எழுத்து: ‘மூன்றாம் பாகம், முடிவு: தகரம் நீளமாகப் பேசும்.’ கீழே டைரக்டரின் கையெழுத்து.

முன்வரிசையில் ஒரு நிருபர் எழுந்தார். “தகரம் பேசாமப் போனது? அதுவும் ப்ளானா சார், இல்ல போற போக்குலயா?”

“முதல் நாளே முடிவு பண்ணது!” என்றார் டைரக்டர், கூசாமல்.

கேள்வியை அந்த நிருபருக்கு எடுத்துக் கொடுத்ததே கதாசிரியர்தான். ‘விழா முடியட்டும், ஆதாரம் காட்டறேன்’ என்றும் சொல்லியிருந்தார்.

கூட்டம் கலைந்தது. கதாசிரியர் பையின் ஜிப்பைத் திறக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால், தகரம். கழுத்தில் மஃப்ளர்.

“அடடே, பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சே! என்ன இப்படி இளைச்சுட்டீங்க?”

தகரம் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மஃப்ளரை லேசாக விலக்கிக் காட்டினார். தொண்டையில் நீளமான தழும்பு.



தகரம் செல்போனில் தட்டி நீட்டினார். ‘ரெண்டாம் பாகம் முடிஞ்சதும் ஆபரேஷன். குரல் போயிடுச்சு. டைரக்டரைத் தவிர யாருக்கும் சொல்லல.’

“நான் கேள்விப்படவே இல்லையே...”

மறுபடி தட்டினார். ‘ஒதுங்கிக்கறேன்னு சொன்னேன். பாவம் பார்த்து வேலை குடுத்தா வாசலைக்கூட மிதிக்க மாட்டேன்னேன். அவர் சிரிச்சார். மூணாம் பாகத்துல இருந்து தகரம் பேசாதுன்னு முதல் நாளே எழுதியாச்சாமே. அதனாலதான் வந்தேன். அடுத்த வாரம் நாலாம் பாகம் ஷூட்டிங்.’

கொஞ்சம் தயங்கி இன்னொரு வரி சேர்த்தார். ‘நீங்கதான் எழுதினீங்கன்னார். நிஜம்தானே?’

கதாசிரியர் பதில் சொல்வதற்குள் நிருபர் வந்து நின்றார். “சார், அந்த ஆதாரம்?”

தகரம் கதாசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதாசிரியர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“அதான் டைரக்டரே சொல்லிட்டாரே, முதல் நாளே முடிவு பண்ணதுன்னு. என் கையாலதான் எழுதினேன்!”