இரண்டு பாஷைக்கு நடுவே லாய் குவான்

ஹாங்காங் துறைமுகத்துக் காற்றில் பள்ளிக்கூடத்தின் மூங்கில் தட்டி சுவரில் அடித்துக்கொண்டே இருக்கிறது. காலையில் சீனப் பாடம் முடிந்து, இப்போது ஆங்கில வகுப்பு. மழை சொட்டும் குடையோடு அம்மா வாசலில் நிற்பதைக் கண்டதும் லாய் குவானின் பேனா காகிதத்தில் மையைக் கொட்டிவிடுகிறது. "எந்திரிடீ. இங்கிலீஷ் படிச்ச பொண்ணை வெள்ளைக்காரன்தான் வச்சுக்குவான்னு தெருவே பேசுது. மாப்பிள்ளை வீட்டுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. இன்னையோட நின்னுடுறேன்னு இந்த வெள்ளைக்காரிகிட்ட சொல்லு." ஆசிரியைக்குச் சீனம் புரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. "அம்மா என்னம்மா சொல்றாங்க?" என்கிறாள் ஆசிரியை. கீழே தெருவில் பல்லக்குத் தூக்கிகள் வழிவிடச் சொல்லிக் கத்துகிறார்கள். "நான் நல்லாப் படிக்கிறேனான்னு கேக்குறாங்க" என்று லாய் குவான் ஆங்கிலத்தில் சொல்கிறாள். ஆசிரியையின் முகம் மலர்கிறது. "இப்படி ஒரு பொண்ணு கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்னு சொல்லு." அம்மா மகளை முறைக்கிறாள். "என்னவாம்?" "புத்தாண்டு வரைக்குமாவது அனுப்புங்கன்னு கெஞ்சுறாங்கம்மா." "வெள்ளைக்காரியா? என்கிட்டயா கெஞ்சுறா?" அம்மாவின் தோள் மெல்லத் தளர்கிறது. குடையை மடக்கிக்கொண்டு ஆசிரியைக்குத் தலை தாழ்த்துகிறாள். ஆசிரியையும் பதிலுக்குத் தாழ்த்துகிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். நடுவில் நிற்கும் லாய் குவான் மட்டும் சிரிக்காமல், மை கொட்டிய காகிதத்தைக் கசக்கிவிட்டுப் புதுக் காகிதம் எடுக்கிறாள்.