இடது காலுக்கு நூற்றைம்பது

புது சைக்கிளுக்காகக் கணக்கு டீச்சர் எழுதி நீட்டிய காகிதத்தை சைக்கிள் கடை மெக்கானிக் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தார்.

"மேடம், இதுல ஒரு தப்பு இருக்கு. கிராங்க் வலது பக்கம் நூத்தி எழுபது, இடது பக்கம் நூத்தி அம்பதுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒரே அளவாத்தானே வரும்?"

தப்பே இல்லை. ஒரு மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கு அது.

அவள் பேன்ட்டைச் சற்றுத் தூக்கி இடது முழங்காலைக் காட்டினாள். உள்ளே ஒரு தகடும் ஆறு திருகுகளும் இருந்தன. அந்த முட்டி ஓர் அளவுக்கு மேல் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெடலைத் தாங்கும் தண்டு குட்டையாக இருந்தால் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டு அவள் பிடித்த எண் நூற்றைம்பது மில்லிமீட்டர்.

மெக்கானிக்கின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு ஜோடி வாங்கி ஒன்றிலிருந்து வலதையும் மற்றொன்றிலிருந்து இடதையும் எடுத்துக்கொண்டால் ஆயிற்று என்றார். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் இப்படி ஒரு வேலை கொண்டுவந்ததில்லையாம்.

அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை.

அவனை யாரும் கூப்பிடவில்லை. சைக்கிள் கடைக்குக் கிளம்புகிறாள் என்று தெரிந்ததும் கார் சாவியோடு வாசலில் வந்து நின்றுவிட்டான்.

பதினான்கு மாதமாக இப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது, திரும்பக் கூட்டி வருவது, காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் காத்துக்கிடப்பது எல்லாம் அவன்தான். சைக்கிளில் போய் அடிபட்ட அன்று அந்த நேரம் பார்த்து அந்த ரோட்டில் அவன் வந்ததால்தான் அவள் பிழைத்தாள் என்று உறவில் சொல்லாதவர் கிடையாது. இப்படி ஓர் அண்ணன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவன் காதுபடவே சொல்வார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்துதான் காப்பி குடிப்பாள். இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் ஆயுசுக்கும் அவன் காரின் முன் சீட்டுதான் கதி என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அண்ணன் கூடை வைத்த சைக்கிளைக் காட்டினான். தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், சோபா மாதிரி சீட்டு.

அவள் பந்தய சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரைத் தொட்டுக் காட்டினாள். மெக்கானிக் எழுதிக்கொண்டார்.

"ம்ஹும்" என்றான் அண்ணன்.

இருபத்தெட்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒல்லி டயர். ம்ஹும். குறுகலான சீட்டு. ம்ஹும். மேட்டில் ஏறப் பின்னால் முப்பத்துநான்கு பல் உள்ள கியர் வைத்தால் காலுக்கு இதம் என்று மெக்கானிக் சொன்னபோது மட்டும் அவள் சரி என்றாள். மேட்டில் ஏறப்போவது அவள் கால்தானே, அதில் என்ன வீம்பு? அதற்கும் ஒரு ம்ஹும் வந்தது. எதற்கு ம்ஹும் சொல்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

கடைசியில் ஃபிரேம். அவள் உயரத்துக்குப் பொருந்தும் ஐம்பத்திரண்டு அளவில் இரண்டுதான் கைவசம் இருந்தன. மெக்கானிக் கொக்கியிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தார். ஒன்று கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. மற்றது பளபளப்பில்லாத கறுப்பு.

அவள் கறுப்பை எடுத்தாள். ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தாள். அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

அண்ணனின் குரல் உயர்ந்தது. "கறுப்பு வேண்டவே வேண்டாம். தூரத்துல வர்ற வண்டிக்காரன் கண்ணுக்கு நீ தெரிய வேண்டாமா?"

மெக்கானிக்கும் ஆமாம் என்று தலையாட்டினார். நியாயமான பேச்சு. பதினான்கு மாதமாக அவன் பேசியதெல்லாம் நியாயமான பேச்சுதான். அதைக் கேட்டுக் கேட்டே அவள் வாயடைத்துக் கிடந்தாள்.

இப்போது அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் நன்றாகவும் இருந்தது.

"அன்னிக்கு நடு மத்தியானம், அண்ணா. நான் மஞ்சள் சட்டைதான் போட்டிருந்தேன்" என்றாள். "நீதான் போனைப் பார்த்துக்கிட்டே காரை ஓட்டிட்டு வந்தே."

அந்த வாக்கியம் மூன்றாவது ஆள் ஒருவரின் காதில் விழுந்தது அதுவே முதல் தடவை.

மெக்கானிக் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, நிறம் என்ற இடத்தில் கறுப்பு என்று எழுதினார்.