கைச்சூடு

ஏசி நிற்காமல் குளிரடிக்கிறது என்று மணலூர்பேட்டை டீச்சரம்மா காரை விட்டுவிட்டுப் போயிருந்தார். கள்ளக்குறிச்சிப் பட்டறையில் பிரிட்டோ, டேஷ்போர்டிலிருந்து காருக்குள் சூட்டை அளக்கும் சென்சாரை உருவி ஒயரோடு தொங்கவிட்டான். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று ஸ்கேனரைப் பார்த்தான். இருபத்தெட்டு டிகிரி.

இது இரண்டு ஆள் வேலை. ஒருத்தன் உள்ளே உட்கார்ந்து சென்சாரைக் கைக்குள் பொத்திப் பிடிக்கணும். கைச்சூட்டுக்கு நம்பர் ஏறி, விட்டதும் இறங்கினால் சென்சாரில் கோளாறில்லை. பன்னிரண்டு வருஷமாக உள்ளே உட்கார்ந்தவன் கூட்டாளி கொளஞ்சி. போன மாதம் கல்வராயன்மலை வளைவில் பைக்கோடு உருண்டு செத்துப்போனான்.

"புடிடா கொளஞ்சி" என்றான் பிரிட்டோ, பழக்கத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முப்பது. முப்பத்து மூன்று. முப்பத்தாறில் நின்றது.

கண்ணாடி வழியே பார்த்தான். சீட் காலி. தொங்கிய சென்சார் ஆடாமல் இருந்தது.

"வுடு" என்றான் மெதுவாக.

முப்பத்து மூன்று. முப்பது. இருபத்தெட்டு.

சென்சாரில் கோளாறில்லை. வேலை முடிந்தது. ஆனாலும் பிரிட்டோ நகரவில்லை.

"இன்னொரு தபா புடிடா."

ஏறியது.

சாயங்காலம் டீச்சரம்மா வந்து, "இன்னாப்பா, ரெடியாயிடுச்சா?" என்று கேட்டபோதும் ஸ்கேனரில் முப்பத்தாறுதான். 'வுடு' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.