இடப்பக்கம்

ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மற்றது சும்மா இருக்காது. சில மாதங்களிலேயே பெருத்து, இரண்டின் வேலையில் முக்கால் பங்கைத் தானே செய்யத் தொடங்கும். அண்ணனுக்கு இடது சிறுநீரகத்தைக் கொடுத்த செண்பகவல்லிக்கும் பதினோரு வருடங்களாக வலது பெருத்தே இருந்தது. இந்த வருட ஸ்கேனில் டாக்டர் இரண்டு முறை அளந்தார்.

"பழைய அளவுக்கே சுருங்கிடுச்சும்மா. ஆனா ரத்தப் பரிசோதனையில ஒரு குறையும் இல்ல."

"அப்போ மீதி வேலைக்குக் கூலிக்கு ஆள் வச்சிருக்கேனா டாக்டர்?" என்று சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. கருவியை இடப்பக்கத் தழும்பின்மேல், காலியாக இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். திரையைப் பார்த்ததும், அவள் கண்ணில் படாதபடி அதைத் திருப்பினார்.

செண்பகவல்லி படுத்தபடியே அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணிதான் எடுத்தாள், அழுது கம்மிய குரலில்.

"அதுக்குள்ள உனக்கு யாரு சொன்னா, வல்லி?"