யார் பேருக்கு மாவிளக்கு

ஊறிய அரிசியை உரலில் கொட்டிவிட்டு ஜெயசுதா சுற்றுமுற்றும் பார்த்தாள். எதிர் உலக்கை போட ஓர் ஆள் வேண்டும்.

சிறுவாச்சூர்க் கோயிலில் திங்கட்கிழமைக் கூட்டம். இங்கே மாவிளக்குக்கு வீட்டிலிருந்து மாவு கொண்டுவருவதில்லை. கோயிலிலேயே இடிக்க வேண்டும். தனியாக வந்தவள் பக்கத்தில் நிற்பவளைத்தான் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

"தள்ளி நில்லும்மா, நான் வரேன்," என்று முந்தானையைச் செருகிக்கொண்டு ஒருத்தி வந்தாள். குன்னம் பக்கத்துச் சிந்தாமணி. அவள் கணவர் ஆண்டவர் வெல்லப் பையோடு தூணில் சாய்ந்து, போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் முழுக்கக் கேட்டது.

இரண்டு உலக்கைகளும் மாறி மாறி விழுந்தன.

எந்த நாட்டிலோ சண்டை. ஐ.நா. சபை ஆழ்ந்த கவலை தெரிவித்திருந்தது.

ஆண்டவர் சிரித்தார்.

"நேத்தும் கவலைதான் தெரிவிச்சாங்க. நானுந்தான் வெங்காய வெலைக்குக் கவலை தெரிவிக்கிறேன். எவன் கேட்டான்?"

"அத இங்க வந்து யாருக்குச் சொல்றீங்க? வெல்லத்தத் தட்டிக் குடுங்க," என்றாள் சிந்தாமணி.

"வெள்ளை வண்டி, நீலத் தொப்பி. அந்த ஊர்க்காரனே கல்லெடுத்து அடிக்கிறான் பாரு. ஒண்ணுக்கும் ஆகாத கூட்டம்னு அவனுக்கே தெரிஞ்சுபோச்சு."

ஜெயசுதா உலக்கையை நிறுத்தவில்லை.

"எங்க வூட்டுக்காரரும் அந்த நீலத் தொப்பி போட்டவருதாங்க. மிலிட்டரி. ஐ.நா. படையில ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிச்சாங்க. அவரு மேலயும் கல்லு விழுந்துச்சு."

ஆண்டவர் போனை அணைத்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா? எங்க போனாலும் வாய்," என்று சிந்தாமணி பல்லைக் கடித்தாள்.

"தெரியாமச் சொல்லிட்டேன் தங்கச்சி."

கொஞ்ச நேரம்தான் அவரால் சும்மா இருக்க முடிந்தது.

"ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காத. கையில துப்பாக்கி இருக்கு. லேசுல சுடவும் கூடாதுங்கிறான். அப்புறம் அங்க என்னதான் வேல?"

"நானும் அதத்தாண்ணே அவர்கிட்ட கேட்டேன். வெறகுக்குப் போறதுன்னாரு."

சிந்தாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வெறகுக்கா? அதுக்கு இந்த மனுசனையே அனுப்பியிருக்கலாமே. வூட்டுல சும்மாதானே கெடக்குறாரு."

ஜெயசுதாவும் சிரித்தாள். சிரிப்பு வந்த வேகத்தில் போயிற்று.

"சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடியாந்த சனங்க முகாம்ல கெடக்குதுங்க. சாப்பாட்டுச் சாமானெல்லாம் குடுத்துடுறாங்க. அடுப்பெரிக்க வெறகு மட்டும் காட்டுலதான் இருக்கு. ஆம்பள போனா அங்க துப்பாக்கியோட சுத்துறவனுங்க கொன்னுடுவானுங்க. அதனால பொம்பளைங்க போகும். உசுராச்சும் மிஞ்சும்ல."

அதன் பிறகு சிந்தாமணி சிரிக்கவில்லை.

"இவங்க வண்டியோட கூடப் போவாங்க. அதுங்க வெட்டிக் கட்டித் தலையில ஏத்துற வரைக்கும் நிப்பாங்க. அவ்வளவுதான் வேல."

"சும்மா நின்னாப் போதுமா?" என்றார் ஆண்டவர். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

"நின்ன நாள்ல போதுங்க."

நிற்காத நாளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"ஒண்ணும் ஆகாதும்மா," என்றாள் சிந்தாமணி. "ஆத்தா பாத்துக்குவா. பத்திரமாத் திரும்பி வரணும்னு மனசார வேண்டிக்க."

"அதுக்குத்தாங்க்கா வந்தேன்."

அதைச் சொல்லும்போதுதான் ஜெயசுதாவின் உலக்கை தடம் மாறி எதிர் உலக்கையில் மோதியது. சிந்தாமணி அவள் கையிலிருந்து உலக்கையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

வெல்லத்தை ஆண்டவரே தட்டிக் கொடுத்தார். மாவைப் பிசைந்து, உருட்டி, நடுவில் குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டாயிற்று. சன்னதி முன்னால் தட்டுகளை வைத்ததும் சிந்தாமணி முந்திக்கொண்டாள்.

"சாமி, இந்தப் பொண்ணோட வூட்டுக்காரரு பட்டாளத்துல இருக்காரு. ஆப்பிரிக்காவுல நிக்கிறாரு. நல்லா வேண்டிக் குடுங்க."

"புருசன் பேரு சொல்லும்மா," என்றார் பூசாரி.

"அவரு பேருக்கு இல்லீங்க. அவரு வந்து ஒரு வாரமாச்சு. வெளிய வண்டியில உக்காந்துருக்காரு. நீ போயிட்டு வா, நான் வரலைன்னுட்டாரு."

சிந்தாமணியின் கூப்பிய கைகள் இறங்கின. ஆண்டவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐ.நா.வுக்குச் செலவுக்குப் பணம் வரலையாம். ஆளுங்களக் கொறச்சு, இவங்களத் திருப்பி அனுப்பிட்டாங்க. வெறகுக்கு இப்ப அதுங்க தனியாத்தான் போகுதுங்க."

"அப்ப யாரு பேருக்கும்மா?"

"நியாபோல்னு அந்த முகாம்ல ஒரு பொண்ணுங்க. வயித்துப் புள்ளக்காரி. வெறகுக் கட்டத் தூக்கிக்கிட்டு எப்பவும் கடைசியாத்தான் வருமாம். அது வந்து சேர்ற வரைக்கும் இவரு வண்டிய எடுக்க வுடமாட்டாராம்." ஜெயசுதா திரியைத் தூண்டினாள். "நட்சத்திரம் தெரியாதுங்க."

பூசாரி கற்பூரத்தை ஏற்றாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பேரை இன்னொரு தடவ சொல்லும்மா. ஆளு மாறிடக் கூடாது."