பொருந்தாத போர்டு

“படிச்சவளாம் படிச்சவ! ஒரு போர்டு பாத்து வாங்கத் துப்பு கீதாடி உனுக்கு?”

மதர்போர்டு பெட்டி கண்ணாடி மேசைமேல் வந்து விழுந்த வேகத்தில் பாக்கியமேரியின் கையிலிருந்த டீ தளும்பியது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சின்னக் கடை அவளுடையது.

கத்தியவன் ஜெகன், காவாந்தண்டலத்துக்காரன். அவனுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி சுதா, துப்பட்டாவால் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள்.

போன வாரம் இருவரும் வந்திருந்தார்கள். ஊரில் பட்டா, சிட்டா பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கடை வைக்கப் போகிறார்களாம். அதற்கான முதல் கம்ப்யூட்டரைத் தாங்களே பூட்டிக்கொள்ளப் போகிறார்களாம். சுதா பி.சி.ஏ. படித்தவள் என்பதால் சாமானைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. ஜெகன் வெளியே பைக்கில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான்.

“இது புது பிராசஸரும்மா, அடியில பின்னே கெடையாது. நீ கேக்குற போர்டு பழசு, பின் எறங்குற ஓட்ட வெச்சது. ரெண்டும் சேராதே” என்று அன்றைக்கே சொன்னாள் பாக்கியமேரி.

“வூட்ல வேற போர்டு கீதுக்கா. இந்த போர்டு இன்னொருத்தருக்கு” என்றாள் சுதா. பிறகென்ன, பாக்கியமேரி எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இப்போது பாக்கியமேரி பெட்டியைத் திறந்து பார்த்தாள். போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. பிராசஸரில் ஒரு மூலை பெயர்ந்திருந்தது.

“நான் அன்னிக்கே சொன்னனே, இது ரெண்டும்...”

“என் தப்புதான்க்கா” என்று அவசரமாகக் குறுக்கிட்டாள் சுதா. “மாத்திக் குடுங்க.”

பாவம், பயப்படுகிறாள் என்று பாக்கியமேரி வாயை மூடிக்கொண்டாள். துப்பட்டா விலகிய இடத்தில் கழுத்து கன்றிப்போயிருந்தது.

“ஒடஞ்சத கம்பெனி எடுக்காதுப்பா. யாரோ வெச்சித் தட்டிக்கீறாங்க.”

“இவதான் தட்டுனா” என்றான் ஜெகன்.

அதுவரை பிரிண்டர் பெட்டிகளின் ஓரமாக ஒண்டியிருந்த சுதா, அங்கிருந்து நகர்ந்து கடையின் நடுவில் வந்து நின்றாள். சாமியைக் கூப்பிடுகிறவள் போல ஒரு தரம் மேலே பார்த்தாள்.

“நான் தட்டல. வோணா வோணான்னு நான் கத்திக்கினே கீறேன், ஸ்பானரால தட்டுனது நீதான்” என்றாள், கணீரென்று. “தெரியலன்னா தெரியலன்னு ஒத்துக்க வேண்டிதுதானே?”

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். ஜெகன் விட்ட முதல் அறையிலேயே சுதா சுழன்று மேசைமேல் சாய்ந்தாள். பின்னலைக் கையில் சுற்றி இழுத்தவன், அவள் முகத்தைக் கண்ணாடியில் ஓங்கி மோதினான். கண்ணாடி நொறுங்கியது. நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் வழிந்து, பெட்டிமேல் சொட்டியது. கீழே விழுந்தவளின் விலாவில் செருப்புக் காலால் உதைத்தான். நிறுத்தாமல் உதைத்தான். அவள் முகத்தை மறைக்கவில்லை. அவன் காலைத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வுடுறா பாவி! செத்துடப் போறா!”

பாக்கியமேரி அங்கிருந்த கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கத் தகட்டைப் பிடுங்கி அவன் தோளில் ஓங்கிப் போட்டாள். அவன் திரும்பி அவளையும் பிடித்துத் தள்ள, அலமாரியோடு மோதி உட்கார்ந்தாள். அதற்குள் டீக்கடை முத்துகிருஷ்ணன் ஓடிவந்து அவனை இடுப்போடு கட்டி வெளியே இழுத்துப் போனார்.

“இது எங்க வூட்டு விஷயம்! எவனாது நடுவுல வந்தீங்க, வெட்டிப் போட்ருவேன்!” என்று தெருவில் நின்று கத்தினான் ஜெகன். “போ, போயி கம்ப்ளைண்டு குடு! போன வாட்டி இன்னா ஆச்சி? பாத்தவன் யாருன்னு கேட்டு ஸ்டேஷன்லேந்து தொரத்தல? இவ பாத்ரூம்ல வழுக்கி வியுந்தான்னு எங்கம்மா சொல்லிச்சில்ல? இப்பவும் அதான் சொல்லும்!”

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. சிரித்த இரண்டு பேரும் டம்ளரை வைத்துவிட்டு நழுவினார்கள்.

“எனக்கேன் பாக்கியம் கோர்ட்டு, கேசெல்லாம்? புருசன் பொஞ்சாதி சண்ட” என்று துண்டை உதறிக்கொண்டு முத்துகிருஷ்ணனும் அடுப்புப் பக்கம் போய்விட்டார். ஜெகன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

பாக்கியமேரி ஷட்டரைப் பாதி இறக்கினாள். சுதாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியில் துணியை வைத்து அழுத்தினாள். துணி நனைந்து சிவந்துகொண்டே வந்தது. அழுதவள் பாக்கியமேரிதான்.

“நான் வித்ததால வந்த வெனடீம்மா இது. அன்னிக்கே அந்த போர்டத் தராம இருந்திருக்கணும். நீயும்தான், அவன் கொணம் தெரிஞ்சிக்கினே அத்தினி பேரு எதுருல வாயக் குடுப்பியா? ஆட்டோவக் கூப்புடுறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

சுதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. ஆனால் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

“மொதல்ல இத்தச் சொல்லுக்கா. மேல மாட்டிக்கீற கேமராவுல அவன் மூஞ்சி தெளிவா தெரியுதா?”