பூஜை முடிந்த கம்ப்யூட்டர்

பழவங்காடியில் தாணுமாலையனின் டிடிபி கடை. மாளவிகா பென் டிரைவை மறுபடியும் செருகுகிறாள். பழைய கம்ப்யூட்டரின் முன்பக்க யூஎஸ்பி துளையில் அது பாதியிலேயே முட்டி நிற்கிறது. பின்பக்கத்துத் துளைகள் எப்போதோ செத்தவை. நாலு மணிக்குள் காலேஜில் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் அந்த டிரைவில் இருக்கிறது. "உன் டிரைவிலதான் கம்ப்ளெய்ன்ட், மோளே. என் சிஸ்டத்துக்கு ஒரு குழப்பமும் இல்ல," என்கிறார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டுக் குனிகிறாள். சரஸ்வதி பூஜைக்கு அப்பிய சந்தனம் முன்பக்கத்து இரண்டு துளைகளையும் அடைத்துக் காய்ந்து வெடித்திருக்கிறது, நடுவில் குங்குமம். "அண்ணாச்சி, இது யாரு பண்ணினது?" அவர் எட்டிப் பார்க்கிறார். அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றிச் சுரண்டப் போகிறாள். "நில்லு," என்கிறார் அவர். "செருப்பக் கழட்டிட்டுத் தொடு."